பத்து டிக், ஒன்பது மார்க்

போன மாதம் நம்மில் ஒருவன் நம் ஆறாம் வகுப்புப் படத்தை எல்லோருக்கும் போனில் அனுப்பினான் அல்லவா, அதை நான் மூன்று முறை எண்ணினேன். நாம் நாற்பத்தேழு பேர். படத்தில் நாற்பத்தைந்து தலைகள்தான் இருக்கின்றன. ஒருவனுக்கு அன்று அம்மை போட்டிருந்தது, அது எனக்கு நினைவிருக்கிறது. இன்னொருவன் எங்கே என்று குழுவில் கேட்டேன். பதினொரு பேர் கட்டைவிரல் படம் போட்டீர்கள். கேள்விக்கு எதற்குக் கட்டைவிரல்?

படத்தின் வலது ஓரத்தில் ஒரு கை இருக்கிறது, பார்த்தீர்களா? முழங்கை வரைதான் தெரிகிறது. கறுப்பு ரப்பர் வளையல் இரண்டு. அது நம் பள்ளிக்கூடத்துச் சத்துணவு ஆயாவின் கை. படம் பிடிக்க வந்தவர், "கொஞ்சம் தள்ளிக்கோம்மா, புள்ளைங்க மட்டும்தான்" என்றார். அவள் தள்ளிக்கொண்டாள். கை மாட்டிக்கொண்டது. அந்தக் கைக்காகத்தான் இதை எழுதுகிறேன். உங்களில் இரண்டு பேருக்கு இதில் பாதி தெரியும். மீதியை நான் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

எனக்கு நாற்பத்துமூன்று வயதுதான் ஆகிறது. ஆனாலும் வீட்டில் என்னைக் கிழவன் என்கிறார்கள். காலையில் இரண்டு மாத்திரை, இரவில் மூன்று. மாடிப்படிகள் பதினெட்டு. ஏறும்போது எண்ணுவேன், இறங்கும்போது சரிபார்ப்பேன். ஒரு நாள் பத்தொன்பது வந்தது. அன்று முழுவதும் யாரோ வந்து ஒரு படியை வைத்துவிட்டுப் போனார்கள் என்ற எண்ணம் போகவில்லை. இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று மகள் கேட்டாள். உன் தாத்தாவிடமிருந்து என்றேன். அது பாதி உண்மை.

தொண்ணூற்று மூன்றாம் வருஷம் அது. மாவட்டம் பிரிந்த வருஷம். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் ஒரு போர்டில் தென்னாற்காடு என்று இருந்ததன்மேல் சுண்ணாம்பு அடித்து விழுப்புரம் என்று எழுதினார்கள். ஐப்பசி மழையில் சுண்ணாம்பு கரைந்து இரண்டு பெயரும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிந்தன. அதற்குக் கீழே தகரக் கூண்டில் அப்பா உட்கார்ந்திருப்பார். டைம் கீப்பர். எந்த வண்டி எத்தனை மணிக்கு உள்ளே வந்தது, எத்தனை மணிக்கு வெளியே போனது என்று எழுதுவது வேலை. இரண்டு நிமிஷம் தள்ளி எழுதினால் ஒரு டிரைவருக்கு மெமோ வரும். அதனால் அவர் எழுதும்போது நாலு பேர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். எழுதிவைத்த எதையும் அப்பா நம்பமாட்டார். எப்படி எழுதுகிறார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

நம் இங்கிலீஷ் டீச்சர் அந்த ஜூனில்தான் புதிதாகச் சேர்ந்தார். விழுப்புரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். கையில் மடக்குக் குடை, இரண்டு அடுக்கு டிபன் கேரியர். மற்ற டீச்சர்களோடு உட்கார்ந்து சாப்பிடமாட்டார். அவர்கள் இவரைச் சேர்த்துக்கொள்ளவில்லையா, இவர் சேரவில்லையா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. கரும்பலகையில் நடுவே ஒரு கோடு போடுவார். இடது பக்கம் இன்று, வலது பக்கம் நேற்று. கோ என்பது வென்ட் ஆகும், கம் என்பது கேம் ஆகும் என்று நாம் பாடிக்கொண்டே போவோம். கட் என்ற சொல்லுக்கு நேற்றும் கட்தான் என்றபோது கடைசி பெஞ்சில் ஒரு கோழி கூவியது. புட்டுக்கு நேற்றும் புட்தான் என்றபோது அதே இடத்திலிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் கிளம்பியது.

டீச்சர் சிரிக்கவில்லை. "இதுங்களாச்சும் நேத்தும் இன்னைக்கும் ஒரே மாதிரி இருக்குதுங்க. இதுங்கள நம்பலாம். மத்ததுங்கதான் ஆள் மாறும்" என்றார்.

பிறகுதான் நேற்று நோட்டு வந்தது. நாற்பது பக்கம், காக்கி அட்டை. தினமும் காலையில் முந்தைய நாள் நடந்ததைப் பத்து வாக்கியம் எழுதிக் கொடுக்க வேண்டும். வாக்கியத்துக்கு ஒரு மார்க். முன்பே எழுதிய வாக்கியத்தைத் திரும்ப எழுதினால் அதற்கு அரை மார்க் போகும். நடக்காததை எழுதினால், அல்லது அடுத்தவனைப் பார்த்து எழுதினால், வேப்ப மரத்தடியில் ஒரு நாள் முழுக்க நிற்க வேண்டும். சனிக்கிழமை வீட்டில் கையெழுத்து வாங்க வேண்டும். பத்துக்குப் பத்து வாங்கிய நோட்டுகள் மட்டும் தலைமையாசிரியர் மேசைக்குப் போகும். பெரிய சார் படித்துப் பார்த்து, ஊதா மையில் நட்சத்திர முத்திரை குத்தி அனுப்புவார். பெரிய சாரின் அறைக்குள் நாம் யாரும் போனதில்லை. அடி வாங்கப் போனவர்கள்கூட வாசலிலேயே வாங்கிக்கொண்டு வந்தார்கள். நோட்டுக்கு மட்டும்தான் உள்ளே போக வழி இருந்தது.

முதல் சனிக்கிழமை அப்பா நோட்டை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"நேத்து வூட்ல இன்னா நடந்துச்சுன்னு அவங்களுக்கு எதுக்குடா?"

"இங்கிலீஷ் கத்துக்கத்தான்பா."

"இங்கிலீஷ் கத்துக்க ஊர்ல வேற விஷயமே இல்லியா? எந்த வூட்ல சண்ட, எவன் குடிச்சிட்டு வந்தான், எல்லாம் நீங்களே எழுதிக் குடுத்துர்றீங்க. எழுதிட்டா அது கேஸுடா. எழுந்தேன், பல்லு வெளக்கினேன், சாப்ட்டேன், வந்தேன். அதுக்கு மேல போவாத."

கையெழுத்துப் போட்டு, வழக்கப்படி கீழே மணியையும் எழுதினார். ஏழு பத்து.

அப்பா சொன்னதையே சொல்லை மாற்றி மாற்றி எழுதியும் ஒரு வாரத்துக்குத்தான் வந்தது. எட்டாவது நாள் அரை அரையாக மார்க் போயிற்று. நம் வாழ்க்கையில் அப்போது என்ன நடந்தது? எழுந்தோம், தின்றோம், வந்தோம், விளையாடினோம், தூங்கினோம். ஐந்து. மீதி ஐந்துக்கு எங்கே போவது? ஒரு நாள் மூன்று விஷயம் நடக்கும், பிறகு நான்கு நாளைக்கு ஒன்றும் நடக்காது. நான் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு பட்டியல் வைத்தேன். நிறைய நடந்த நாளில் மிஞ்சியதை அதில் எழுதி வைத்து, ஒன்றும் நடக்காத நாளில் எடுத்துக்கொள்வேன். நடந்ததுதானே, எப்போது நடந்தால் என்ன என்று நினைத்தேன்.

சேமிக்கத் தெரியாதவர்கள் மாற்றிக்கொண்டார்கள். கோட்டக்குப்பத்தான்தான் இதை ஆரம்பித்தான் என்பது என் நினைவு. அவன் வேறு மாதிரி சொல்லக்கூடும். திண்டிவனத்தில் அத்தை வீட்டில் தங்கிப் படித்தவன், சனி ஞாயிறு கோட்டக்குப்பம் போய் வருவான். அவனுடைய நேற்றுகள் பெரிய நேற்றுகள். மாமா துபாயிலிருந்து வந்தார். மாமா டார்ச் லைட் கொண்டுவந்தார். கடலில் படகு கவிழ்ந்தது.

"ஒரு நேத்துக்கு ஒரு நேத்து" என்பான். "படகு கவுந்தது ஒசத்தி. அதுக்கு ரெண்டு குடு."

மணியடிக்கும் வேலை பார்த்தவன், உங்களுக்குத் தெரியும், மணிக்காரன் என்றே அவனைக் கூப்பிடுவோம், அவனிடம் எதுவும் இருக்காது. இன்று வாங்கிக்கொண்டு நாளை தருகிறேன் என்பான். அப்படி நான் வாங்கிய ஒரு துபாய் மாமா என் நோட்டில் ஒரு செவ்வாய்க்கிழமை வந்து இறங்கினார். அந்தச் சனிக்கிழமை அப்பா கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"உனுக்கு எந்த மாமன்டா துபாயில?"

நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சேமிப்பு, மாற்று, எல்லாம். அப்பா சிரித்தார். அவர் சிரித்தது அந்த மாதத்தில் அதுதான் இரண்டாவது முறை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

இனி ஆயா.

சமையல் கொட்டகையில் விறகு அடுப்பு மூன்று இருந்தன. வியாழக்கிழமைதோறும் அவள் மூன்றையும் வழித்து, சாம்பலைக் கோணிப்பையில் கட்டி, பின் கேட் வழியாக வீட்டுக்கு எடுத்துப் போவாள். வீட்டுக்குப் பின்னால் அரைக்கீரை போட்டிருந்தாள், அதற்கு உரம். ஒரு வியாழக்கிழமை நான் பின் கேட் பக்கம் பந்து எடுக்கப் போனேன். பை கனமாக இருந்தது. "டைம் கீப்பர் புள்ள, ஒரு கை குடு கண்ணு" என்றாள். தூக்கித் தலையில் வைக்க ஒரு கை கொடுத்தேன். பை பொத்தலாயிருந்தது. என் சட்டை முழுக்கச் சாம்பல். ஆயா தன் முந்தானையால் தட்டிவிட்டாள், அது இன்னும் பரவியது. "உங்கம்மா என்னைத் திட்டப் போறா" என்று சிரித்துக்கொண்டே போனாள்.

மறுநாள் எழுத எனக்கு அது தேவைப்படவில்லை. அந்த வியாழக்கிழமையில் வேறு பத்து இருந்தன. சேமிப்பில் போட்டேன்.

அடுத்து வந்த திங்கட்கிழமை முழுநாள் மழை. ஒன்றும் நடக்கவில்லை. செவ்வாய் காலை பிரேயருக்கு முன்னால் சேமிப்பிலிருந்து ஆயாவை எடுத்தேன். சாம்பலுக்கு இங்கிலீஷ் தெரியவில்லை. பைக்குத் தெரியும். 'நேற்று ஆயா ஒரு பையைப் பின் கேட் வழியாகத் தூக்கிச் சென்றாள்' என்று எழுதினேன். கோட்டக்குப்பத்தான் கழுத்தை நீட்டிப் பார்த்து, "இத எனக்குக் குடு, நாளைக்கு ஒரு படகு தர்றேன்" என்றான். மணிக்காரன் கேட்கவேயில்லை, பார்த்து எழுதிக்கொண்டு மணியடிக்க ஓடினான். மூன்று நோட்டிலும் அது ஏறிவிட்டது.

அதே செவ்வாய் காலை பத்து மணிக்குச் சமையல் கொட்டகையில் கூச்சல் கேட்டது. திங்கட்கிழமை மத்தியானம் இருந்த அரை மூட்டை துவரம்பருப்பு காணவில்லை.

பதினொன்றரைக்கு டீச்சர் நம் நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தார். ஒரு நோட்டை எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு இன்னொன்று. மூன்றாவதை எடுத்ததும் எழுந்து நின்றார். அந்த மூன்றையும் மார்போடு அணைத்துக்கொண்டு தலைமையாசிரியர் அறைக்குப் போனது என் கண்ணில் இருக்கிறது. நடையில் ஒரு துள்ளல் இருந்தது. அவருடைய நேற்று நோட்டை மற்ற டீச்சர்கள் கேலி செய்துகொண்டிருந்த நேரம் அது.

எங்கள் மூவரையும் கூப்பிட்டார்கள். வாசலில் நின்றோம். உள்ளே ஆயா சுவரோரமாக நின்றிருந்தாள். பெரிய சார் என் நோட்டைத் தூக்கிக் காட்டினார்.

"இது நீ எழுதினதா?"

"ஆமா சார்."

"பாத்தியா?"

"பாத்தேன் சார்."

பார்த்தது உண்மை. எந்த நாள் என்று அவர் கேட்கவில்லை. அதுதான் நோட்டில் இருக்கிறதே. மற்ற இரண்டு பேரும் பார்த்தேன் சார் என்றார்கள். பார்க்கவில்லை என்றால் காப்பி அடித்ததாகும், வேப்ப மரம்.

"மூணு பேரும் வேற வேற பெஞ்சு சார்" என்றார் டீச்சர்.

ஆயா அப்போதுதான் வாயைத் திறந்தாள். "சாம்பல்தான் சார் எடுத்துக்கினு போவேன். அதுவும் வியாழக்கிழமை வியாழக்கிழமைதான். வேற நாள்ல நான் பையே தொடமாட்டேன்."

"அப்போ திங்கட்கிழமை எதை எடுத்துக்கினு போனே?" என்றார் பெரிய சார்.

அவள் எங்களைப் பார்த்தாள். நான் என் கால் விரல்களைப் பார்த்தேன். பத்து.

வெளியே வந்ததும் கோட்டக்குப்பத்தான் என் சட்டையைப் பிடித்தான். "எதனா ஒளறினே, மூணு பேரும் மரத்தடியில நிப்போம். எழுதினது நீ, நீதான் மொதல்ல நிப்ப." நண்பா, இதை நீ படிப்பாய் என்று தெரியும். உன்மேல் குற்றம் சொல்லவில்லை. நீ சொல்லாவிட்டாலும் நான் பேசியிருக்கமாட்டேன்.

ஆபீசுக்கு எழுதிப் போட்டார்கள். வெள்ளிக்கிழமையிலிருந்து வரவேண்டாம் என்று ஆயாவிடம் சொல்லிவிட்டார்கள். வியாழன் மத்தியானம் தட்டுக் கழுவும் குழாயடியில் அவள் என்னைத் தனியாகப் பிடித்தாள்.

"டைம் கீப்பர் புள்ள, நீ நல்லாப் படிக்கிறவன். அந்த நோட்டுல இன்னான்னு எழுதிக்கிறாங்க? எனக்குச் சொல்லு."

"தெரியல ஆயா."

"இங்கிலீசுல எழுதிப்புட்டாங்க. தமிழ்ல இருந்தா யாரையாச்சும் படிக்கச் சொல்லிக் கேட்டிருப்பேன்." என் தட்டை வாங்கி அவளே கழுவினாள். "நீயும் எழுதிக்கிறியாமே. நீ எனக்கு நல்லதாத்தான் எழுதியிருப்ப."

இந்தப் பேச்சை நான் எத்தனையோ முறை எடுத்துப் பார்த்துவிட்டேன். நம்பிச் சொன்னாளா, தெரிந்துகொண்டே சொன்னாளா? முகத்தை நினைவுக்குக் கொண்டுவரப் பார்க்கிறேன். தட்டும் கையும்தான் வருகின்றன.

சனிக்கிழமை மாதா கோயிலில் பாவசங்கீர்த்தனம். பொய் சொன்னேன், ஒரு முறை என்றேன். சாமியார் மூன்று அருள்நிறைந்த மரியே சொல்லச் சொன்னார். சொல்லி முடிக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. இவ்வளவு மலிவாக முடிந்ததில் எனக்குச் சந்தேகம் வந்தது. பஸ் ஸ்டாண்டுக்குப் போய் அப்பாவிடம் சொன்னேன். அப்பா ஒரு செஞ்சி வண்டியை எழுதி முடித்துவிட்டுத்தான் திரும்பினார்.

"மூணு பேரும் சார்கிட்ட பாத்தோம்னு சொல்லிட்டீங்க?"

"ஆமாம்பா."

"டீச்சரே கொண்டும்போய்க் குடுத்தாங்க?"

"ஆமா."

"அப்ப இன்னொரு வாட்டி மாத்திச் சொன்னா இன்னா ஆவும்? உன்னையும் நம்பமாட்டாங்க, அந்தம்மாவையும் நம்பமாட்டாங்க. சாட்சிக்காரன் மாத்திச் சொன்னா அவன் மேலதான் மொதல்ல சந்தேகம். பேஜாரு புடிச்ச வேல. வாய மூடிக்கினு இரு."

அடுத்த வாரம் ஆயா பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிட்டாள். அலுமினியத் தட்டில் வேகவைத்த மல்லாட்டை, என் மகள் பாஷையில் வேர்க்கடலை. வண்டி நுழைந்ததும் ஜன்னல் ஜன்னலாக ஓடுவாள். ஓடிப் பழக்கமில்லாதவள். பெரும்பாலும் அவள் போய்ச் சேரும்போது வண்டி கிளம்பிவிடும். அப்பா கூண்டிலிருந்து எழுதிக்கொண்டே பார்ப்பார். தினமும் ஒரு பொட்டலம் வாங்கினார். அதற்கு முன்னால் அப்பா மல்லாட்டை தின்று நான் பார்த்ததில்லை, பித்தம் என்பார். சில நாளில் அவள் ஜன்னலை அடையும்வரை அந்த வண்டிக்கு அப்பாவின் விசில் வராமல் இருந்ததையும் கவனித்தேன். நோட்டில் அவர் என்ன மணி எழுதினார் என்று தெரியாது.

அந்தச் சமயத்தில்தான் வகுப்பில் டிட் நாட் வந்தது. அதுவரை நடந்ததைச் சொல்லத்தான் கற்றிருந்தோம். நடக்காததைச் சொல்ல அன்றுதான் கற்றுக்கொண்டோம். நாற்பத்தாறு பேர் கூடச் சேர்ந்து கத்தும்போது என் குரல் எனக்கே தனியாகக் கேட்டது. ஒரு யோசனை வந்தது. பெரிய சாரிடம் நான் போக முடியாது. நோட்டு போகும். பத்துக்குப் பத்து வாங்கினால் போதும், அதுவே போய்ச் சொல்லிவிடும்.

சாம்பலுக்கு இங்கிலீஷ் வேண்டும். யாரைக் கேட்டாலும் எதற்கு என்பார்கள். வீட்டுச் சுவரில் கோயில் காலண்டர் இருந்தது, தமிழிலும் இங்கிலீஷிலும் போட்டது. ஆணியிலிருந்து கழற்றிப் பின்னால் புரட்டினேன். பிப்ரவரித் தாளில் ஒரு புதன்கிழமைக் கட்டத்துக்குள் சாம்பல் புதன் என்று இருந்தது. கீழே சின்ன எழுத்தில் ஆஷ். மூன்றே எழுத்து. இந்த மூன்று எழுத்து முன்பே தெரிந்திருந்தால் என்று உட்கார்ந்திருந்தேன். அம்மா வந்து, "காலண்டர இன்னாத்துக்குடா கழட்டின?" என்றாள். பண்டிகை பார்த்தேன் என்றேன்.

அந்தப் பத்தும் இன்னும் வரிசையாக நினைவில் இருக்கின்றன. ஆயா ஒரு வியாழக்கிழமை பை தூக்கிச் சென்றாள். பையில் சாம்பல் இருந்தது. நான் அதைத் தொட்டேன். என் சட்டை அழுக்கானது. அம்மா அதைத் துவைத்தாள். நான் ஆயாவைத் திங்கட்கிழமை பார்க்கவில்லை. நான் கிழமையை மாற்றி எழுதினேன். இரண்டு பேர் என்னைப் பார்த்து எழுதினார்கள். அவர்கள் எதையும் பார்க்கவில்லை. ஆயா திருடவில்லை. கரடாக நான்கு முறை எழுதிப் பார்த்து, ஐந்தாவது முறை மையில் எழுதினேன். ஒரு அடித்தல் கிடையாது.

கொடுத்த அன்றே மூன்று மணிக்கு நோட்டுகள் திரும்பி வந்தன. என்னுடையதும் பெரிய சாரிடம் போகாமல் அந்தக் கட்டிலேயே இருந்தது. திறந்தேன். பத்து வாக்கியம். பத்து சிவப்பு டிக். ஒரு வட்டமில்லை, ஒரு கோடில்லை. கீழே ஒன்பது என்று போட்டிருந்தது.

டிக்கை மறுபடி எண்ணினேன். மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே. எடுத்துக்கொண்டு டீச்சரிடம் போனேன்.

"டீச்சர், பத்து டிக் இருக்குது."

அவர் நோட்டைப் பார்க்கவில்லை. "கையெழுத்து சரியில்ல. போய் உக்காரு."

என் கையெழுத்தைப் பார்த்துத்தான் சுற்றறிக்கைக் காப்பி எழுத என்னைக் கூப்பிடுவார்கள். போய் உட்கார்ந்தேன். அந்தச் சனிக்கிழமை அப்பா அந்தப் பக்கத்தைத் தாண்டவில்லை, நெடுநேரம் அதிலேயே இருந்தார். பிறகு கையெழுத்து. ஏழு இருபத்தைந்து. எப்போதும் ஏழு பத்துக்குப் போடுகிறவர்.

பருப்பை எடுத்தது யார் என்று கடைசிவரை தெரியவில்லை. என்னிடம் ஐந்து பேர் கொண்ட பட்டியல் இருக்கிறது. பெயர் போடமாட்டேன். ஆயா பத்து வருஷத்துக்கு மேல் மல்லாட்டை விற்றாள். பிறகு கோலியனூரில் மகள் வீட்டுக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். நேற்று நோட்டை நான் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது அப்பா பழைய பேப்பர்காரனுக்கு எடை போட்டுவிட்டார். மற்ற நோட்டுகளோடு தெரியாமல் போய்விட்டது என்றார். அவருக்குத் தெரியாமல் எதுவும் போகாது.

இரண்டாயிரத்துப் பதினாறில் ஒரு சான்றிதழ் விஷயமாக விழுப்புரம் போயிருந்தேன். புது பஸ் ஸ்டாண்டில் டீச்சரைப் பார்த்தேன். முடி பாதி நரைத்திருந்தது. அதே மாதிரி மடக்குக் குடை. பக்கத்தில் போய் உட்கார்ந்து, "டீச்சர், திண்டிவனத்துல தொண்ணூத்தி மூணுல ஆறாவது" என்று ஆரம்பித்தேன்.

"டைம் கீப்பர் பையன்" என்றார்.

பிள்ளைகள் எத்தனை, என்ன வேலை என்று கேட்டார். அவருக்கும் வேலை நிலைத்து, விழுப்புரம் பக்கமே வேறு பள்ளிக்கு வந்துவிட்டதாகச் சொன்னார். நான் விளையாட்டாகக் கேட்பது போலத்தான் கேட்டேன்.

"ஒரு நாள் பத்து டிக் போட்டு ஒன்பது மார்க் போட்டீங்க டீச்சர்."

கூட்டல் தப்பாயிருக்கும் என்று சொல்லியிருக்கலாம். எந்த நாள் என்றாவது கேட்டிருக்கலாம்.

"பத்து போட்டிருந்தா பெரிய சார் டேபிளுக்குப் போயிருக்குமே" என்றார்.

குடையை மடியில் நேராக வைத்தார். "எனக்கு அப்ப வேலைக்கு அப்ரூவல் வரல. ஃபைலு ஆபீஸ்ல நின்னுக்கினு இருந்துச்சு. மூணு நோட்டையும் கொண்டும்போய்க் குடுத்தவ நான். அதெல்லாம் பசங்க மாத்திக்கினு எழுதுற கதைன்னு நானே எப்படிப் போய் நிக்கறது?"

"அப்ப படிச்சீங்க."

"நாலு தடவ படிச்சேன்." அவர் என்னைப் பார்க்காமல் எதிரே நின்ற வண்டியின் போர்டைப் பார்த்தார். "மறுநாளு கட்டுலருந்து உன் நோட்டத்தான் மொதல்ல தேடி எடுத்தேன். நீ திரும்பவும் எழுதியிருப்பன்னு நெனச்சேன். எழுதியிருந்தா பத்து போட்டுடறது, ஆவறது ஆவட்டும்னு முடிவு பண்ணி வெச்சிருந்தேன்."

வண்டி வந்துவிட்டது. எழுந்துகொண்டே, "பல்லு வெளக்கினேன்னு எழுதியிருந்த" என்றார்.

வண்டி வெளியே போனபோது நாலு இருபது.

அந்த மறுநாள் நோட்டும் எனக்கு நினைவிருக்கிறது. எழுந்தேன், பல் விளக்கினேன், இட்லி தின்றேன், பள்ளிக்கூடம் வந்தேன். பத்தும் பழைய வாக்கியங்கள். விதிப்படி ஐந்து மார்க் போயிருக்க வேண்டும். பத்துக்குப் பத்து போட்டிருந்தார். அது பெரிய சார் மேசைக்குப் போய், ஊதா நட்சத்திரத்தோடு திரும்பி வந்தது. என் முதல் நட்சத்திரம். மை காயும்முன்னே அதை அப்பாவிடம் காட்டப் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். அப்பா கூண்டில் இல்லை, டீ குடிக்கப் போயிருந்தார். ஆயாதான் இருந்தாள்.

"இன்னா கண்ணு கையில? நட்சத்திரமா?" நோட்டை வாங்கி, தலைகீழாகப் பிடித்து, அந்த ஊதா மையை விரலால் தொடாமல் காற்றிலேயே தடவினாள். "பெரிய சாரே குத்துனாரா? அப்ப நல்லா எழுதிக்கிற."

தட்டிலிருந்து ஒரு கை மல்லாட்டை அள்ளி என் சட்டைப் பையில் போட்டாள். வீட்டுக்கு வந்து எண்ணினேன். பதினேழு. அத்தனையையும் தின்றேன்.